சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும் குழந்தைக்கு முட்டையையும் பாலையும் நிறுத்த வேண்டுமா?

ஏழு வயது மகனுக்குச் சிறுநீரில் கால்சியம் அதிகமாக வெளியேறுவதாகப் பரிசோதனையில் தெரிந்ததும், உறவினர் பேச்சைக் கேட்டு முட்டை, பால், பருப்பு மூன்றையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் மகளுக்கு இதே கோளாறு இருப்பதால், மருத்துவர் விளக்கி நாங்கள் கடைப்பிடித்து வருவதை எழுதுகிறேன்.

ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரில், உடல் எடை கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருந்தால் அதிகம் என்பது கணக்கு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 80 மில்லிகிராம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீரையும் சேர்த்து அத்தனையையும் ஆய்வகம் தரும் கேனில் பிடிக்க வேண்டும். பள்ளி இல்லாத ஞாயிறு இதற்கு வசதி. ஆனால் அன்று கறி விருந்து வைக்காமல் வழக்கமான சாப்பாட்டையே கொடுங்கள்.

புரதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். இறைச்சி, முட்டை ஆகியவற்றின் புரதத்தில் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் மிகுதி. அவற்றால் உடலில் அமிலம் சேரும்போது சிறுநீரகம் கால்சியத்தைத் திரும்ப உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரகக் கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட்டும் சிறுநீரில் குறைகிறது. ஆனால் இது தேவைக்கு மிஞ்சி உண்ணும்போது வரும் சிக்கல். 7 முதல் 9 வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு; மீதியை அரிசிம்பருப்புச் சாதமும் ராகிக் களியும் கொடுத்துவிடும். அதற்கு மேல் பாலில் கலக்கும் புரத மாவுதான் வேண்டாதது. எங்கள் வீட்டில் முதலில் நின்றதும் அதுதான். பாலை நிறுத்தினால் வளரும் எலும்பு நலிவதோடு, குடலில் ஆக்சலேட்டை (உணவில் இருந்து வரும், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) பிடித்து மலத்தோடு வெளியேற்றும் கால்சியமும் இல்லாமல் போய், ஆக்சலேட் சிறுநீரில் இறங்கிக் கல்லுக்கு வழிசெய்யும்.

நீங்கள் கை வைக்க வேண்டியது உப்பில். சிறுநீரகக் குழல்களில் சோடியமும் கால்சியமும் பெரும்பாலும் சேர்ந்தே திரும்ப உறிஞ்சப்படுவதால், சோடியம் மிகுதியாக வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தயிர்ச் சாதத்துக்கு மோர் மிளகாய் கேட்டு அடம்பிடித்த மகளுக்கு, அவளுடைய அமுச்சி (பாட்டி) உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழிந்த கொத்தமல்லித் துவையலைப் பழக்கியது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போதும் நினைக்கிறேன்.

தண்ணீரும் அதே அளவுக்கு முக்கியம். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பல குழந்தைகள் வகுப்பு நடுவில் கழிப்பறைக்குக் கேட்கத் தயங்கியே குடிப்பதில்லை, ஆசிரியரிடம் நீங்களே பேசிவிடுங்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சிறுநீர் சிவந்து போனாலோ விலாப் பக்கம் வலித்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். உணவை ஒழுங்கு செய்த பிறகும் அளவு இறங்காவிட்டால் மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட்டோ சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும் தயசைடு வகை மருந்தோ எழுதக்கூடும். உப்பு குறையாத உடலில் தயசைடும் முழுப் பயன் தராது.