பைக் நம்ம வீட்ல, ஆர்.சி வேற ஆள் பேர்ல, ஃபைனான்ஸ்காரங்க வாசல்ல

கேள்வி: சார், எனக்கு திருத்துறைப்பூண்டி பக்கம். வயலுக்கும் ஆகும், லீவுல கோடியக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்னு தஞ்சாவூர்ல பழைய வண்டி விக்கிற ஒரு ஆட்டோ கன்சல்டிங்ல 2020 மாடல் எக்ஸ்பல்ஸ் 200 பைக் எடுத்தேன். 75,000 பேசி 68,000 ஜிபே பண்ணிட்டேன். ஆர்.சி புக் சென்னைக்காரர் ஒருத்தர் பேர்ல இருக்கு, அதுல ஹெச்.பி-யும், அதாவது ஃபைனான்ஸ் கடன் பதிவும், அப்படியே இருக்கு. பேர் மாத்துறதுக்கான 29, 30 ஃபார்ம கையெழுத்து மட்டும் போட்டும், ஒரு 20 ரூபா பத்திரமும் குடுத்தாங்க. நாலு மாசமாச்சு. போன வாரம் ரெண்டு பேர் வந்து டியூ பாக்கி இருக்கு, வண்டிய குடுங்கிறாங்க. கன்சல்டிங்காரர் போனே எடுக்கல.

பதில்: தம்பி, வண்டிய குத்தம் சொல்ல மாட்டேன், மழை பேஞ்ச வாய்க்கா கரையில போக, முன் பக்கம் 21 இன்ச் வீலும் 220 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸும் இருக்குற வண்டி இந்த விலைக்கு வேற எங்க கெடைக்கும். ஆனா சந்தையில மாடு புடிக்கிறவன் பல்ல புடிச்சு பாக்குறான், நீங்க ஹெச்.பி இருக்குன்னு தெரிஞ்சே பணத்த போட்டிருக்கீங்க.

கன்சல்டிங்காரர அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த சென்னைக்காரர புடிங்க. ஆர்.சி-யில அட்ரஸ் இருக்குல்ல? மோட்டார் வாகன சட்டம் 50-வது பிரிவுப்படி வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்கு சொல்லணும், வாங்குனவர் 30 நாளுக்குள்ள சொல்லணும், ரெண்டு பேருமே செய்யல. பேர் மாறாத வரைக்கும் சட்டத்துக்கு ஓனர் அவர்தான். பல கை மாறுன ஒரு கார் ஆக்சிடென்ட் ஆன கேஸ்ல, ஆர்.சி-யில பேர் இருக்குறவர்தான் நஷ்டஈடு குடுக்கணும்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இத அவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க, உங்களவிட அவர் அவசரப்படுவாரு. லோன் அவர் பேர்ல இருக்குறதால பாக்கி எவ்வளவுன்னு ஸ்டேட்மெண்ட் அவர் கேட்டாத்தான் குடுப்பாங்க, ஹெச்.பி கேன்சல் பண்ற ஃபார்ம் 35-லயும் ஃபைனான்ஸோட சேத்து அவர் கையெழுத்தும் வேணும்.

லோன் முடிஞ்சிருந்தா ஃபைனான்ஸ்ல, கடன் பாக்கி இல்லன்னு குடுக்குற என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் வாங்கிட்டு ஆர்.டி.ஓ-வுல அப்ளை பண்ணிடலாம். உண்மையிலயே பாக்கி இருந்தா அவரையே கட்ட சொல்லுங்க. உங்க கையில நிக்குற 7,000 குடுக்கணும்னாலும் அந்த லோன் அக்கவுண்ட்லதான் கட்டணும். வாசலுக்கு வர்ற பசங்க கையில ஒத்த ரூபா குடுக்காதீங்க. அவங்க மிரட்டி, சாவிய புடுங்கி வண்டிய தூக்க முடியாது, ஆள் வச்சு அடாவடியா தூக்கக் கூடாதுன்னு 2007-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஐடி கார்டு, ஃபைனான்ஸ் லெட்டர் கேளுங்க, போன்ல வீடியோ எடுங்க, மீறினா ஸ்டேஷன்ல புகார் குடுத்து, அதுக்கு ரசீதா குடுக்குற சி.எஸ்.ஆர் காப்பி வாங்காம வெளிய வராதீங்க.

இப்ப கன்சல்டிங்காரர். ஸ்பீட் போஸ்ட்ல ஒரு வக்கீல் நோட்டீஸ், 15 நாள் டைம். பதில் வரலன்னா திருவாரூர் நுகர்வோர் கமிஷன், நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் வாய்ஸும்தான் உங்க சாட்சி, டெலீட் பண்ணிடாதீங்க. அந்த 20 ரூபா பத்திரம் உங்கள ஓனர் ஆக்காது, பணம் குடுத்ததுக்கு ஒரு ஆதாரமா வேணா ஆகும்.

இன்னொன்னு, சேறு காயுறதுக்குள்ள ஒரு ஈரத்துணிய எடுத்து ஹேண்டில் பாருக்கு கீழ ஃப்ரேம்ல குத்தியிருக்குற சேஸ் நம்பர தொடைங்க, மேல ஒரு வெள்ள பேப்பர வச்சு பென்சில்ல தேய்ங்க, அந்த நம்பரும் ஆர்.சி-யும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ராவி வேற நம்பர் குத்துன மாதிரி இருந்துச்சுன்னா கதையே வேற, எதுலயும் கையெழுத்து போடாம நேரா என்கிட்ட வாங்க.

2020 வண்டிக்கு வாங்கும்போது போட்ட அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இந்நேரம் முடிஞ்சிருக்கும். புதுசா போடுற வரைக்கும் வயலுக்குக்கூட எடுக்காதீங்க, கொட்டாயிலயே நிக்கட்டும்.