பரணில் கிடைத்த மூன்று ஆயுதங்கள்: புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் ஒரு தேக்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே மூன்று ஆயுதங்கள். நெளிநெளியான அலகுள்ள குறுவாள் ஒன்று. பிடியில் நாடா சுற்றி, அதனடியில் சொரசொரப்பான தோல் தெரிகிற நீள வாள் ஒன்று. பிடியின் முடிவில் வட்டத் தட்டு வைத்த வளைந்த வாள் ஒன்று. வாப்பாவின் தகப்பனார் யுத்த காலத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். எல்லாமே துருப்பிடித்துக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார் மச்சான். காரைக்குடியிலிருந்து ஒருவர் வந்து மூன்றுக்கும் சேர்த்து விலை பேசுகிறார். என் மகன் இதையே தொடக்கமாக வைத்து உலக நாட்டு ஆயுதங்களைச் சேகரிக்கப்போவதாகச் சொல்கிறான். வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா? என்ன செய்யலாம்?

பதில்: புளியை முதலில் சமையலறைக்கே திருப்பி அனுப்புங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. பழைய இரும்பில் புளியின் அமிலம் துருவோடு நிற்காது, அடியிலிருக்கும் நல்ல உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். அலகின் மேற்பரப்பில் இருக்கும் முத்திரை, எழுத்து, உருக்கின் வரி எல்லாம் போய்விடும். எலுமிச்சை, சாம்பல், உப்புத்தாள், கிரைண்டர் சக்கரம் எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கிய வாளை விவரம் தெரிந்தவர் பாதி விலைக்குக்கூடக் கேட்கமாட்டார்.

இனி, உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து நிறையவே ஊகிக்கலாம்.

நெளிந்த குறுவாள் கிரிஸ். மலாய், ஜாவா நாட்டு ஆயுதம். பினாங்குக்குச் சபர் போன குடும்பத்தில் கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நெளிவுகளை எண்ணிப் பாருங்கள். முறையாகச் செய்த கிரிஸில் அந்த எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும். பிடிக்குப் பக்கத்தில் அலகு ஒருபுறம் மட்டும் அகன்றிருக்கும். அந்த அகன்ற இடத்தின் மேல் குறுக்காக ஒரு சிறு இரும்புத் துண்டு தனியாகப் பொருந்தியிருக்கும், கூர்ந்து பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். அலகின் மேல் வெளிறிய வரிகள் ஓடினால், வேறுபட்ட இரும்புகளை மடித்து மடித்து அடித்துச் செய்தது என்று அர்த்தம். சுற்றுலாக் கடைச் சரக்கில் இவை இருப்பதில்லை. தகட்டை நெளிவாக வெட்டி விளிம்பைத் தீட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: சுற்றியுள்ள இரும்பு கறுத்து அந்த வரிகள் எடுப்பாகத் தெரிவதற்காக எலுமிச்சைச் சாற்றோடு பாஷாணம், அதாவது ஆர்சனிக், பூசுவது அங்கே பரம்பரை வழக்கம். கையுறை போட்டுத் தொடுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதுதான் எனக்கு ஆவலைத் தூண்டுகிறது. நாடாவுக்கு அடியில் தெரிகிற அந்தச் சொரசொரப்பான தோல் திருக்கைத் தோல். நம் கரையில் வலையில் விழும் திருக்கையின் இனம்தான். ஜப்பானியர்கள் வாள் பிடி வழுக்காமல் இருக்க மரத்தின் மேல் அதை ஒட்டி, அதற்கு மேல் நாடா சுற்றுவார்கள். 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை பினாங்கு ஜப்பானியர் கையில் இருந்தது. சரணடைந்தபோது அதிகாரிகள் ஒப்படைத்த வாள்கள் பல கைகளுக்கு மாறின. ஹவில்தார் போல, அதிகாரிக்குக் கீழ்நிலையில் இருந்த படைத்தலைவர்களுக்கு ஜப்பான் ராணுவம் கொடுத்த 95ஆம் வகை வாளில் பிடியே பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. நாடா சுற்றியதுபோல் அச்சில் வார்த்து வண்ணம் பூசியிருப்பார்கள். அலகில் எண் அடித்திருக்கும், உறையிலும் அதே எண் இருக்கும். உங்களுடையதில் நிஜத் தோலும் நாடாவும் இருப்பதால் அது அதிகாரியின் வாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில்தான் விசேஷம் இருக்கிறது. யுத்த கால ஆலையில் செய்த அலகாகவும் இருக்கலாம், ஒரு குடும்பத்தின் பல தலைமுறைப் பழைய அலகை ராணுவப் பிடியில் மாட்டியதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

விடை பிடிக்குள் இருக்கிறது. பிடியின் குறுக்கே ஒரு சிறு மூங்கில் ஆணி போகும். அதை மெதுவாகத் தள்ளினால் பிடி கழன்று, அலகின் வால்பகுதி வெளியே வரும். செய்தவர் பெயரோ ஆலை முத்திரையோ அங்கேதான் இருக்கும். அந்த வால்பகுதியின் துருவை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. அந்தத் துருவின் நிறத்தையும் படிவையும் பார்த்துத்தான் வயதைக் கணிப்பார்கள். ஜப்பானிய வாள் பழகியவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆணி இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

வட்டத் தட்டு வைத்தது தல்வார், வட இந்திய, தக்காணப் பாணி. மூன்றில் ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான், ஏனென்றால் ராஜஸ்தானில் அலங்காரத்துக்காக இன்றும் செய்து குவிக்கிறார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். பட்டறையில் வெர்னியர் காலிப்பர் வாங்கி, அலகின் முதுகுப் பக்கத் தடிமனைப் பிடிக்குப் பக்கத்தில், நடுவில், முனைக்கு ஒரு சாண் முன்னால் என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். சண்டைக்குச் செய்த வாள் பிடியருகே தடித்து, முனை நோக்கிப் படிப்படியாக மெலியும். இல்லாவிட்டால் வீச்சில் கை ஓய்ந்துவிடும். மூன்று இடத்திலும் ஒரே தடிமன் என்றால் சுவரில் மாட்ட வெட்டிய தகடு. அலகில் அரைவட்டப் பல் வரிசையோ ஓநாய்க் குறியோ இருந்தால் உடனே ஐரோப்பிய அலகு என்று குதிக்க வேண்டாம். இத்தாலிய, ஜெர்மானிய அலகுகளுக்கு இங்கே அந்தக் காலத்திலேயே மவுசு இருந்ததால், நம் கொல்லர்கள் அந்தக் குறிகளைத் தாங்களே வெட்டி வைத்தார்கள். டச்சுக் கம்பெனி முத்திரையும் அப்படித்தான், இன்று புதிதாக அடித்து விற்கிறார்கள்.

நம் சீமையில் பழைய போர் ஆயுதம் வீடுகளில் அதிகம் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, தென்சீமை முழுக்க ஆயுதம் வைத்திருப்பதை ஆங்கிலேயக் கம்பெனி தடைசெய்து பறிமுதல் செய்தது. ஆகவே ‘சேதுபதி காலத்து வாள்’, ‘மருது வளரி’ (வளரி என்பது வீசி எறியும் வளைதடி) என்று சொல்லி யாராவது விற்க வந்தால், அந்தப் பறிமுதலில் இது எப்படித் தப்பியது என்று கேளுங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

சரி, சுத்தம் செய்வது. கடலுக்குத் தள்ளி உள்நாட்டில் இருப்பவர்களைவிடக் கடற்கரைக்காரர்களுக்கு இதில் வேலை இரட்டிப்பு. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்பு வரும். அது துருவின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீர்விட்டுக் கசிய ஆரம்பிக்கும். நம் ஊரில் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதனால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியிலிருக்கும் உப்பு மறுபடி துருவைக் கிளப்பும்.

துருவில் இரண்டு விதம் இருக்கிறது. கருப்பாக, காப்பிக்கொட்டை நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருப்பது அமைதியானது, அதை விட்டுவிடலாம். விரலில் செம்மஞ்சள் பொடியாக ஒட்டுவதும், பொட்டுப் பொட்டாக ஈரம் கசிவதும் இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருப்பவை. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பொடித் துருவை மூங்கில் குச்சியைச் சீவி, இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எண்ணெய் போகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அதைத்தான். இந்த முறை தல்வாரின் அலகுக்கு மட்டும். கிரிஸைச் சுரண்டினால் வரிகளும் போகும், பாஷாணப் பொடியும் பறக்கும். ஜப்பானிய அலகுக்கு லேசாக எண்ணெய் பூசினால் போதும், மற்றதைப் பழகியவர் கையில் விடுங்கள். தேங்காயெண்ணெய் எதற்கும் வேண்டாம், நாளாக நாளாக அது காறிப்போகும்.

தல்வார் பிடியில் மட்டும் ரொம்பக் கவனம் தேவை. அலகை அரக்கு வைத்துத்தான் பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள். சூடு காட்டினால் அரக்கு இளகும், ஆல்கஹால் பட்டால் கரையும். மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறப்போடுகிற வேலையும் கூடாது. பிடியில் பொன், வெள்ளிக் கம்பிப் பூவேலை இருந்தால் உலர்ந்த துணியால்கூட அழுத்தித் தேய்க்காதீர்கள்.

வைக்கும்போது தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறை தனியாக, வாள் தனியாக இருக்கட்டும். செய்தித்தாளில் சுற்றாமல், கஞ்சி போடாத வெள்ளைத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்து, 40 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் ஜெல்லை மாற்றுங்கள்.

போலீஸ் விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த பகுதிகளில் வாள், ஈட்டி போன்றவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். வீட்டு, விவசாயக் கருவி அல்லாத, 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய அலகுகள் இந்த வகையில் வரும். உங்கள் பகுதிக்கு இது பொருந்துமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் மனு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பெட்டி கிடைத்த விவரத்தை மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது. இமானுவேல் சேகரன் நினைவு நாளையும் தேவர் குருபூஜையையும் ஒட்டி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் நிபுணரிடம் காட்டப்போகிறேன் என்று வாளைக் காரில் எடுத்துப் போய்விடாதீர்கள். மகன் அதைக் கையில் பிடித்து ரீல்ஸ் போடுவதும் வேண்டாம். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிக் கைதானவர்கள் கதை அவருக்கும் தெரிந்திருக்கும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வேறு. 100 வருடத்துக்குக் குறையாத பழமையுள்ளது தொல்பொருள். உங்கள் கிரிஸும் தல்வாரும் அதில் வரலாம், ஜப்பானிய வாளின் அலகு யுத்த காலத்தில் செய்ததென்றால் அது வராது. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அதை வியாபாரமாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். விலை பேச வந்தவரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் இப்போது விற்க வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்பவர், மூன்றில் ஒன்றின் மதிப்பை உங்களிடமிருந்து மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பெட்டியிலோ அலமாரியிலோ வாப்பாவின் தகப்பனாருடைய பழைய பாஸ்போர்ட், கடைக் கணக்கு, ரஜூலா கப்பல் டிக்கெட், கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர் எந்த வருடம் திரும்பினார், இவற்றைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் படமெடுங்கள். கதை ஆவணத்தோடு இருக்கும் வாளும் கதை மட்டும் இருக்கும் வாளும் ஏலத்தில் ஒரே விலைக்குப் போவதில்லை.

மகனின் ஆசைக்கு வருவோம். உலகம் முழுக்கச் சேர்க்கிறேன் என்று இறங்கினால் பணம் போகும், வீட்டில் தகரம் சேரும். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினத்துக் கப்பல்கள் போன வழியையே எல்லையாக வைத்துக்கொள்ளட்டும்: மலாய் கிரிஸ், சிங்கத் தலைப் பிடி போட்ட இலங்கை வாள், அரபுக் குறுவாள். முதல் ஒரு வருடம் ஒன்றும் வாங்காமல் பார்க்க மட்டும் செய்யட்டும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் ஆயுதங்கள் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களோடு தந்தத்தில் செய்த வளரியே இருக்கிறது. அசலைக் கண் பழகிக்கொண்டால், இணையத்தில் வரும் போலிகளில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

வாங்கத் தொடங்கினாலும் தந்தப் பிடி, காண்டாமிருகக் கொம்புப் பிடி உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். அரபுக் குறுவாளில் இந்தக் கொம்பு சகஜம், வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார். நம் கரையில் சில வீடுகளில் தொங்கும் வேளாச் சுறாவின் பல் கொம்பும் அப்படித்தான். அது ஆயுதம் போலத் தெரிவதால் ‘மீனவர் போர்வாள்’ என்று சொல்லி விற்கிறார்கள். வேளா முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிர், வாங்குவதும் விற்பதும் குற்றம். வலையில் பழைய இரும்பு வாள் ஏதாவது சிக்கியதாக யாராவது கொண்டுவந்தால், வெயிலில் காயவைக்க விடாதீர்கள். உப்பேறிய இரும்பு காயும்போது ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். சலவைச் சோடா கலந்த நல்ல தண்ணீரில் மூழ்கவைத்துவிட்டு ஆட்சியருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.