மகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறதே, பிறகேன் விண்ணப்பம்?

பாடசாலை இலவச உணவு பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களைப் பத்திரிகை ஆசிரியர் மொத்தமாக என்னிடம் தந்துவிட்டார். லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலை அலுவலகத்தில் வேலை செய்கிறவள் நான். செப்டம்பர் பிறந்தால் இந்த ஃபோம்களோடுதான் எனக்கு விடியும்.

கேள்வி: அக்கா, மகள் நாலாம் ஆண்டு. பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். அப்படியிருந்தும் ஒவ்வொரு வருடமும் ‘இலவச உணவுக்கு விண்ணப்பியுங்கள்’ என்று கடிதம் வருகிறது. கணவர் டெலிவரி ஓடுகிறார், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகையும் எடுக்கிறோம். ஏற்கெனவே கிடைக்கிற ஒன்றுக்கு ஏன் எங்கள் நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்?
— ஒரு தாய், வெம்பிளி

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் சாப்பிடுவது லண்டன் மேயரின் காசில். ரிசப்ஷன் (முதலாம் ஆண்டுக்கு முந்திய வகுப்பு) முதல் இரண்டாம் ஆண்டு வரை இங்கிலாந்து முழுவதும் 2014 செப்டம்பரிலிருந்து அரசாங்கம் கொடுக்கிறது. மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை லண்டன் அரசுப் பாடசாலைகளில் 2023 செப்டம்பரிலிருந்து மேயர் கொடுக்கிறார். இரண்டிலும் உங்கள் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. அந்தக் கடிதம் சொல்வது இவை இரண்டையும் அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சட்டப்படி கிடைக்கிற உரிமை ஒன்று இருக்கிறது. அதில் பெயர் பதியத்தான் கேட்கிறார்கள்.

பதிந்தால் என்ன கிடைக்கும்? முதலில் பாடசாலைக்குப் பணம் வரும். பப்பில் பிரீமியம் என்று பெயர். 2025-26 நிதியாண்டில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு 1,515 பவுண்ட், இரண்டாம்நிலைப் பாடசாலையில் 1,075 பவுண்ட். கடந்த ஆறு வருடங்களில் ஒரு தடவை பதிவாகியிருந்தாலும் கணக்கில் சேரும். இது உங்கள் கைக்கு வராது, உண்மைதான். ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையோடு தனியாக இருந்து வாசிக்கும் உதவி ஆசிரியர், சுற்றுலாவுக்குக் கட்ட முடியாத பிள்ளைக்குப் பாடசாலை கட்டும் காசு, இவையெல்லாம் இதற்குள்ளிருந்துதான் வருகின்றன. எல்லோருக்கும் இலவசம் என்று வந்த பிறகு பெற்றோர் ஃபோம் நிரப்புவதை விட்டுவிட்டார்கள். சாப்பாடு வருகிறது, பாடசாலைக்கு வரவேண்டிய பணம் வருவதில்லை.

இரண்டாவது உங்களுக்கே நேரடியாகப் படும். மகள் ஏழாம் ஆண்டுக்குப் போனதும் மேயரின் சாப்பாடு நின்றுவிடும். டவர் ஹாம்லெட்ஸ் மாதிரி ஒன்றிரண்டு கவுன்சில்கள் (உள்ளூராட்சி சபைகள்) மேல் வகுப்புகளுக்கும் கொடுக்கின்றன, மற்ற இடங்களில் காசு கட்டித்தான் சாப்பிட வேண்டும். அப்போது ஓடித் திரிவதை விட இப்போதே பதிந்துவைப்பது சுகம். ஈஸ்டர், கோடை, கிறிஸ்மஸ் விடுமுறைகளில் சாப்பாட்டோடு நடக்கும் இலவச விளையாட்டு முகாம்களுக்கும் இந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அந்த முகாம்கள் இருப்பதே தெரியாது.

சரி, தகுதி இருக்கிறதா? இதுவரை இருந்த விதி: யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் குடும்பத்தின் உழைப்பு வருமானம், வரி கழித்து, வருடத்துக்கு 7,400 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. கிரெடிட் காசை இதில் கூட்டக் கூடாது. பலர் அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘எங்களுக்குக் கிடைக்காது’ என்று விட்டுவிடுகிறார்கள். மாதக் கணக்கில் இது 616.67 பவுண்ட். டெலிவரி ஓடுபவருக்கு ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். அதற்காகத்தான் ஒரு மாதம் சரிவராவிட்டால் கடைசி இரண்டு, மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 1,850 பவுண்ட். 2026 செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டிலிருந்து இந்த வரம்பு இல்லை, யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று அரசாங்கம் 2025 ஜூனில் அறிவித்தது. ஆகவே முன்பு ‘இல்லை’ என்று பதில் வந்தவர்களும் திரும்பப் போடுங்கள்.

விண்ணப்பம் கவுன்சில் இணையத்தளத்தில்தான். சம்பளச் சிட்டை ஒன்றும் ஏற்றத் தேவையில்லை. பெற்றோரின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் மூன்றையும் வைத்துக் கணினியே அரசாங்கப் பதிவில் தேடிப் பார்க்கும்.

எங்கள் ஆட்கள் சிக்குப்படுவது இந்த இடத்தில்தான். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று பாஸ்போர்ட்டில் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி கணவரின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார். யூனிவர்சல் கிரெடிட்டில் இன்னொரு விதமாகப் பதிவாகியிருக்கும். மகளின் பெயருக்குப் பின்னால் தகப்பனின் பெயர், தகப்பனின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர். கணினிக்கு இந்தச் சொந்தமெல்லாம் விளங்குமா? ‘பதிவில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் குடும்பப் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பிள்ளையின் பெயர் வேறாக இருந்தால் பரவாயில்லை, தேடுவது பெற்றோரைத்தான். அப்புறம் ஒன்று: வேறு கவுன்சில் பகுதிக்கு வீடு மாறினால் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: நான் கெயரர் (பராமரிப்பாளர்) விசாவில் மில்டன் கீன்ஸில் வேலை செய்கிறேன். மனைவிக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள், நாலாம் ஆண்டும் ஏழாம் ஆண்டும். விசாவில் ‘அரச நிதி எடுக்கக் கூடாது’ என்று இருக்கிறது. இலவச உணவு கேட்டால் விசா புதுப்பிக்கும்போது பிரச்சினை வருமா? நண்பர்கள் தொடவே வேண்டாம் என்கிறார்கள்.
— ஒரு தகப்பன், மில்டன் கீன்ஸ்

பதில்: வராது தம்பி. குடிவரவு விதிகளில் ‘அரச நிதி’ எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் வீடு எல்லாம் அதில் உண்டு. பாடசாலை உணவு அதில் இல்லை. நண்பர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அந்த நல்ல எண்ணத்தில் உங்கள் பிள்ளைகளின் சாப்பாடு போகிறது.

உங்களைப் போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் தனி வருமான வரம்பு உண்டு. லண்டனுக்கு வெளியே ஒரு பிள்ளை என்றால் வரி கழித்து வருடம் 22,700 பவுண்ட், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 26,300. லண்டனுக்குள் 31,200, 34,800. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. உங்கள் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொண்டால், வரியும் நாஷனல் இன்சூரன்ஸும் போகக் கைக்கு வருவது சுமார் 21,500. வரம்புக்குள் வசதியாகவே இருக்கிறீர்கள்.

ஆனால் கவுன்சில் இணையத்தளத்தில் போட்டால் உங்களைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது உதவித்தொகைப் பதிவில்தான் தேடுகிறது. நேரே பாடசாலை அலுவலகத்துக்குப் போங்கள். விசா விவரம், சம்பளச் சிட்டைகள், பாங்க் ஸ்டேட்மென்ட் கொண்டுபோங்கள். முன்னால் இருக்கும் பெண்ணுக்கு இந்த விதி தெரியாமலும் இருக்கலாம். எங்கள் தொழிலில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அரச நிதிக்கு உரிமையில்லாத குடும்பங்களுக்கான இலவச உணவு என்று சொல்லிக் கேளுங்கள். முதல் பதில் ‘இல்லை’ என்றால் திரும்பி வராமல், கவுன்சிலில் கேட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.

கேள்வி: அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வாராவாரம் கார்டில் காசு வருகிறது. நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் இல்லை. மகனுக்குக் கிடைக்குமா?
— பெயர் வேண்டாம்

பதில்: கிடைக்கும். 1999 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் ஆறாம் பகுதியின் கீழ் உதவி பெறுபவர்களின் பிள்ளைகளுக்கு வருமானக் கணக்கே இல்லாமல் உரிமை உண்டு. இன்சூரன்ஸ் இலக்கம் கேட்கும் இடத்தில் உங்கள் உதவிக் கடிதத்திலுள்ள இலக்கத்தைப் போடலாம். ஃபோமில் அதை நாஸ் இலக்கம் என்று பழைய பெயரில் கேட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம்.

கேள்வி: மகன் எட்டாம் ஆண்டு. இலவசச் சாப்பாடு என்றால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வேண்டாம் என்கிறான். அவன் அப்பாவுக்கும் விருப்பமில்லை. அதோடு நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம். பாடசாலையில் வெள்ளி என்றால் மீன்தான்.
— ஒரு தாய், குரோய்டன்

பதில்: மகனின் கவலை முதலில். இப்போது அநேகமான இரண்டாம்நிலைப் பாடசாலைகளில் கார்டு, அல்லது விரல் வைத்தல். காசு கட்டும் பிள்ளையின் கணக்கில் பெற்றோர் போட்ட காசு இருக்கும், உங்கள் மகனின் கணக்கில் அன்றைய தொகை தானாக விழும். வரிசையில் இருவரும் ஒரே மாதிரித்தான் விரல் வைப்பார்கள். பின்னால் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைய தொகையில் மீந்தது பொதுவாக அடுத்த நாளுக்குச் சேராது என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லிவையுங்கள்.

அப்பாவுக்கு: ஊரில் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பணிஸ் தந்தார்கள். டொக்டரின் மகனும் வாங்கினான், தோட்டக்காரரின் மகனும் வாங்கினான். இங்கே வந்து, வரியும் கட்டிக்கொண்டு, பிள்ளையின் சாப்பாட்டில் என்ன மானம் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஆங்கிலேயருக்கு வெள்ளி என்றால் மீனும் சிப்ஸும், எங்களுக்கு வெள்ளி என்றால் சைவம். இந்தச் சண்டையை நான் கன காலமாகப் பார்க்கிறேன். அன்றைக்கும் மரக்கறிச் சாப்பாடு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதுவும் தினமும் சீஸ் பாஸ்தாதான் என்றால், அந்த ஒரு நாள் மட்டும் புளிச்சாதமோ இடியப்பமோ கட்டிக் கொடுங்கள். ஒரு நாள் சாப்பிடாததால் பதிவு போய்விடாது. மகனை ஒருதடவை தனியாகவும் கேட்டுப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை அவன் உண்மையில் என்ன சாப்பிடுகிறான் என்று.