சினைக்கு மஞ்சக்கரு ஈரல்ல இருந்து வருது

கேள்வி: காசிமேட்டுல வாங்குன மீனை ஆயும்போது பாக்குறேன் சார், சினை பிடிக்க ஆரம்பிச்ச மீனுக்கு ஈரல் நல்லா உப்பலா இருக்கு. சினைக்கும் ஈரலுக்கும் சம்பந்தம் இருக்கா? ஆண் மீனுக்கும் இப்படி ஆகுமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா, சம்பந்தம் இருக்கு. சினையில இருக்குற மஞ்சக்கரு சரக்கு பெரும்பாலும் ஈரல்லதான் தயாராகுது. சீசன் வந்ததும் மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை விடும், அது சினைப்பைக்குப் போய் முட்டையைச் சுத்தி இருக்குற செல்லுங்களை எஸ்ட்ராடயால்ங்கற ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனை, சுரக்க வைக்கும், அது ரத்தம் வழியா ஈரலுக்கு வந்து செல்லுக்குள்ள நுழைஞ்சு அங்க அந்த ஹார்மோனுக்குன்னே இருக்குற ரிசப்டர்ங்கற புரோட்டீனைப் பிடிச்சுக்கும், ரெண்டும் சேந்து டிஎன்ஏ மேல போய் உக்காந்ததும் விட்டெல்லோஜெனின்ங்கற மஞ்சக்கரு புரோட்டீனோட ஜீன் வேலை செய்ய ஆரம்பிச்சிடும். ஈஸ்ட்ரோஜன் வர வர ஈரல்ல அந்த ரிசப்டரும் கூடுது, அதனால உற்பத்தி இன்னும் சூடு பிடிக்கும். ஈரல் உப்புறது இதனாலதான்.

கொழுப்பு, பாஸ்பரஸ், கால்சியம் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு இந்த புரோட்டீன் ரத்தத்துல பார்சல் மாதிரி சினைப்பைக்குப் போகும். முட்டை அதை உள்ள இழுத்து, லிப்போவிட்டெலின், பாஸ்விட்டின்னு துண்டு போட்டு சேத்து வச்சுக்கும். பொரிச்சு வர்ற குஞ்சு தானா இரை தேடுற வரைக்கும் அதுதான் அதுக்கு சாப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைக்கிறதே மீனுங்க இனப்பெருக்கத்துக்காகத்தான்.

ஆண் மீன் விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அதுக்கும் அதே ஜீன், அதே ரிசப்டர் ஈரல்ல இருக்கு, போதுமான ஈஸ்ட்ரோஜன் இல்லாததால சும்மா கிடக்குது. தண்ணியில ஈஸ்ட்ரோஜன் கலந்தா ஆணோட ஈரலும் மஞ்சக்கரு புரோட்டீனை செய்யும், பிரிட்டன்ல சாக்கடை சுத்திகரிப்பு தண்ணி விழுற இடத்துல கூண்டுல விட்ட ஆண் டிரவுட் மீனுங்க ரத்தத்துல அது இருந்ததை 1990கள்லயே கண்டுபிடிச்சாங்க. கனடாவுல ஒரு ஏரியில 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில இருக்குற எத்தினைல்எஸ்ட்ராடயால்ங்கற செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவுக்குதான் கலந்து பாத்தாங்க, ஒரு நானோகிராம்னா கிராமுல நூறு கோடியில ஒரு பங்கு, அதுக்கே அங்க இருந்த சின்ன மீன் இனம் ஒண்ணு கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. எண்ணூர் முகத்துவாரத்து ஆண் மடவை மீனுங்களையும் பிடிச்சு, ரத்தத்துல இந்த புரோட்டீன் இருக்கான்னு வருஷா வருஷம் பாக்கணும், தண்ணியில என்ன கலக்குதுன்னு ஆண் மீன் ஈரலே சொல்லிடும்.