போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, இன்னும் ஆழமாக இறக்கலாமா?

கேள்வி: சென்னை நீலாங்கரையில் 1,200 சதுர அடி மொட்டை மாடியுள்ள தனி வீடு. 60 அடி போரில் முன்பு 600 இருந்த டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) இப்போது 2,300. போர் போடுபவர் 200 அடிக்கு இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

பதில்: வேண்டாம். காசும் போகும், பெரும்பாலும் உப்பும் கூடும்.

உங்கள் பகுதி ஒரு மணல் பட்டை. கிழக்கே கடல், மேற்கே உப்பேறிய பக்கிங்ஹாம் கால்வாய். மணலில் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. அந்த ஓரடியை உறிஞ்சிவிட்டால் உப்பு மேலே ஏறும். அடுக்குமாடிகளும் லாரிகளும் உறிஞ்சுகின்றன. மழை இறங்க வேண்டிய தரையிலோ சிமென்ட்.

முதலில் ஒரு சோதனை. மோட்டார் போட்டு இரண்டு நிமிடம் கழித்து டிடிஎஸ் பாருங்கள். அரை மணி நேரம் ஓடியதும் மறுபடி பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் உங்கள் மோட்டாரே அடியிலிருக்கும் உப்பை இழுக்கிறது. அரை எச்பி மோட்டாருக்கு மாறி, ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல் இருபது நிமிடம் ஓட்டி சில மணி நேரம் விடுங்கள். ஏறவில்லை என்றால் லேபில் குளோரைடு, பைகார்பனேட், நைட்ரேட் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். குளோரைடு பைகார்பனேட்டைவிடப் பல மடங்கு இருந்தால் கடல்நீர் மீது சந்தேகம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் பக்கத்தில் எங்கோ செப்டிக் டேங்க் கசியலாம். அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்தது மழைநீர். உங்கள் மாடியில் 1 மி.மீ. மழைக்கு 111 லிட்டர் விழும். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ.; வீணாவது போக 1.25 லட்சம் லிட்டர் கைக்கு வரும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரமாகத் தோண்டிய குழிகள் பலவும் சேறடைத்துக் கிடக்கின்றன. மணல் தரைக்கு மூன்றடி விட்டத்தில், 12 முதல் 15 அடி ஆழத்தில் உறைகிணறு போதும். அடியில் சிமென்ட் பூசக் கூடாது. தண்ணீர் உள்ளே போகும் முன் ஒரு வடிகட்டும் தொட்டி வையுங்கள்: கீழே 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே நைலான் வலை போட்டு ஓரடி ஆற்று மணல். ஒவ்வொரு செப்டம்பரிலும் மேல் மணலை அலசிப் போடாவிட்டால் ஐப்பசி மழை முழுக்கத் தெருவுக்குத்தான் போகும். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு அவசியம். செப்டிக் டேங்குக்கு எதிர் மூலையில் தோண்டுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போருக்குள் விடவே விடாதீர்கள்; சேறு போய் ஃபில்டர் பைப்பின் துளைகளை அடைக்கும்.

ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் கொஞ்சம்தான், நல்ல தண்ணீர் வேலியோடு நிற்காது. தெருவில் பத்துப் பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்னர் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) விற்க வருவார்கள். அது கால்சியத்தை எடுத்து சோடியத்தைத் தரும். பக்கெட்டில் வெள்ளை படியாது, டிடிஎஸ் குறையாது. குடிக்க ஆர்.ஓ. வைக்கலாம். ஆனால் அதன் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம். தண்ணீரை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை உறைகிணற்றில் விடாமல், கழிப்பறைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.