ஸ்வாப்பை மூடும்போது உள்ளே யார் இருக்கிறார்கள்? கெர்னல் கேள்வி-பதில்

ராமில் இடம் போதாதபோது பேஜ் எனப்படும் மெமரித் துண்டுகளை டிஸ்க்குக்கு அனுப்புவது ஸ்வாப். லினக்ஸ் கெர்னலின் அந்தப் பகுதியைப் படிக்கத் தொடங்கியவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில.

என் டிரைவரில் பாயின்டரை முதலில் நல் ஆக்கிவிட்டு, அடுத்த வரியில் மெமரியை ஃப்ரீ செய்கிறேன். ஆனாலும் எப்போதாவது கெர்னல் விழுந்துவிடுகிறது. வரிசை சரிதானே?

வரிசை சரி. நடுவில் காத்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் காத்திருக்கவில்லை. பாயின்டரை நல் ஆக்கினால் இனிமேல் வருபவர்களுக்குத்தான் கதவு மூடும். ஏற்கெனவே உள்ளே போனவர் பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கிறார்.

ஸ்வாப் கோடில் இதே சிக்கல் இருந்தது. ஒரு சிபியுவில் பேஜ் ஃபால்ட் வருகிறது, அதாவது கேட்ட பேஜ் ராமில் இல்லை. பேஜ் டேபிளில் இருப்பது எந்த ஸ்வாப் டிவைஸ், அதில் எந்த ஸ்லாட் என்ற குறிப்பு மட்டுமே. அந்தச் சிபியு எந்த லாக்கும் பிடிக்காமல் அந்த டிவைஸின் ஸ்வாப் மேப் (ஸ்லாட்களின் பயன்பாட்டுக் கணக்கு) பாயின்டரை எடுத்துக்கொள்கிறது. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து அது அங்கேயே நிற்கிறது. இன்னொரு சிபியுவில் ஸ்வாப்ஆஃப் (ஸ்வாப் டிவைஸை மூடும் கட்டளை) ஓடி முடிந்து, ஸ்வாப் மேப்பை ஃப்ரீ செய்துவிடுகிறது. முதல் சிபியு திரும்பி வந்து அதே பாயின்டரைப் படிக்கிறது. அங்கே இப்போது வேறு யாருடைய டேட்டாவோ இருக்கலாம்.

இன்றைய ஸ்வாப்ஆஃப் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். முதலில், புது ஸ்லாட் கொடுக்கக் கூடாது என்று ஃப்ளாகை மாற்றுகிறது. அப்புறம் வெளியே போன பேஜ்களையெல்லாம் ராமுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. அது முடிந்தபின், டிவைஸை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுன்ட்டை 'கில்' செய்கிறது. இதற்குமேல் யாருக்கும் புது ரெஃபரன்ஸ் கிடைக்காது. பிறகு சின்க்ரனைஸ் ஆர்சியு. ஆர்சியு என்பது படிப்பவர்களை ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் படிக்கவிடும் கெர்னல் முறை; ஏற்கெனவே அதன் ரீட் லாக்குக்குள் இருப்பவர்கள் வெளியே வரும்வரை இந்த அழைப்பு காத்திருக்கும். அதன்பின் கடைசி ரெஃபரன்ஸும் திரும்பும்வரை காத்திருப்பு. இவ்வளவும் ஆனபிறகுதான் ஸ்வாப் மேப் ஃப்ரீ ஆகிறது. ஃப்ரீயை இந்தக் காத்திருப்புகளுக்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள், மேலே சொன்ன விபத்துக்கு வழி திறந்துவிடும்.

உங்கள் டிரைவருக்கு இவ்வளவு தேவைப்படாது. படிப்பவர்கள் ஆர்சியு ரீட் லாக்குக்குள் இருக்கட்டும். நல் ஆக்கியபின் சின்க்ரனைஸ் ஆர்சியு அழைத்துவிட்டு ஃப்ரீ செய்யுங்கள். காத்திருக்க முடியாத இடம் என்றால் கேஃப்ரீ ஆர்சியு இருக்கிறது, ஃப்ரீ செய்வதை அதுவே பின்னால் பார்த்துக்கொள்ளும்.

ஆர்சியு மட்டும் போதாதா? ஸ்வாப்புக்கு ஏன் தனியாக பெர்சிபியு ரெஃபரன்ஸ் வேறு?

மேலே சொன்ன சிக்கலுக்கு 2019-இல் வந்த திருத்தம் ஆர்சியுவை மட்டுமே நம்பியிருந்தது. ஆனால் வழக்கமான ஆர்சியு ரீட் லாக்குக்குள் தூங்கக் கூடாது. டிஸ்க்கிலிருந்து பேஜைப் படிக்கும்போதோ தூங்காமல் முடியாது. ஆக, படிப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 2021-இல், 5.14 கெர்னலில், பெர்சிபியு ரெஃபரன்ஸ் வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரே அடாமிக் கவுன்ட்டர் வைத்திருந்தால் எல்லா சிபியுக்களும் ஒரே கேஷ் லைனுக்காக (கேஷில் அந்த எண் இருக்கும் சிறு துண்டு) இழுபறி நடத்தும். இதில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி எண். டிவைஸை மூடும் நேரத்தில் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் போதும். அடிக்கடி நடக்கும் வேலையை மலிவாக்கி, அரிதாக நடக்கும் வேலையில் செலவை ஏற்றிய இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

என் இன்டெல் லேப்டாப்பில் மெமரி பேரியரை எடுத்துவிட்டாலும் எல்லாம் ஓடுகிறது. உண்மையிலேயே அது தேவையா?

தேவை. மெமரியில் எழுதுவது ஸ்டோர், படிப்பது லோடு; இவற்றின் வரிசை மாறாமல் தடுப்பதுதான் பேரியர். எக்ஸ்86-இல் (இன்டெல் சிப் வகை) சாதாரண மெமரிக்கு இரண்டு ஸ்டோர்களின் வரிசையோ இரண்டு லோடுகளின் வரிசையோ பிற சிபியுக்களுக்கு மாறித் தெரியாது. முன்னால் உள்ள ஸ்டோரைப் பின்னால் உள்ள லோடு முந்துவது மட்டுமே நடக்கும். அதனால் அங்கே சிபியுக்களுக்கு இடையிலான ரைட் பேரியரும் ரீட் பேரியரும் கம்பைலருக்கான தடை மட்டுமே, தனி இன்ஸ்ட்ரக்ஷன் எதுவும் வராது. ஆர்ம் சிப்பில் அப்படியில்லை. 'தயார்' என்ற ஃப்ளாக் முதலில் கண்ணில் பட்டு, அதற்கு முன்னால் நிரப்பிய ஃபீல்டுகள் பழையபடியே தெரியலாம்.

பல வருடங்களுக்கு முன் நானே ஒரு டிரைவரில் ரீட் பேரியர் ஒன்றை வீண் என்று நினைத்து நீக்கினேன். என் மேஜையில் இருந்த இன்டெல் மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆர்ம் போர்டில் இரண்டு நாள் ஓடியபிறகு, பாதி நிரம்பிய ஸ்ட்ரக்சர் ஒன்று கையில் வந்தது. அன்றிலிருந்து பேரியரைப் பார்த்தால் அதன் ஜோடி எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். எழுதுபவர் பக்கம் ஒன்று, படிப்பவர் பக்கம் ஒன்று. ஒன்றை மட்டும் போட்டால் பயன் இல்லை. ஸ்வாப் டிவைஸின் ரெஃபரன்ஸை எடுக்கும் ஃபங்ஷனில் ஒரு ரீட் பேரியர் இருக்கிறது. அதற்கு ஜோடி, டிவைஸை இயக்கும் ஃபங்ஷனில் உள்ள ஸ்பின் அன்லாக் என்று கமென்ட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

பேரியருக்குப் பதில், வேரியபிளுக்கு வாலடைல் என்று போட்டால் ஆகாதா?

ஆகாது. அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், சிபியுவை அல்ல. ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள். வரிசையும் வேண்டுமென்றால், அதையும் சேர்த்துக் காக்கும் ஸ்டோர் ரிலீஸ், லோடு அக்வயர்.

ஸ்வாப்ஆஃப் கொடுத்தால் நிமிடக் கணக்கில் நிற்கிறது. கன்ட்ரோல்-சி அடிக்கலாமா?

அடிக்கலாம். பேஜ்களைத் திரும்பக் கொண்டுவரும் கட்டத்தில்தான் பெரும்பாலும் நேரம் போகும். அந்த லூப் சிக்னலைப் பார்த்து நின்றுவிடும், டிவைஸும் பழையபடி பயன்பாட்டுக்கு வந்துவிடும். மூடும் வேலையைப் பாதியில் கைவிட நேர்ந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் கிளீனப்தான். புதிதாக எழுதுபவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தப் பாதையைத்தான்.

இந்த மாதிரி பிழைகளைப் பிடிக்க என்ன கருவி?

ஃப்ரீ ஆன மெமரியைத் தொட்டால் கேசான் காட்டிக்கொடுக்கும். லாக் இல்லாமல் இருவர் ஒரே இடத்தைத் தொடுவதைக் கேசிசான் பிடிக்கும். அது 2020-இல் 5.8 கெர்னலில் சேர்ந்தது. இரண்டுமே உங்கள் மெஷினில் உண்மையில் ஓடிய பாதையைத்தான் பார்க்கும். நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் பார்க்க வேண்டுமென்றால், சந்தேகமான நான்கைந்து வரிகளை மட்டும் லிட்மஸ் டெஸ்டாக (சிறு சோதனை நிரல்) எழுதி, அந்த வரிசைகளையெல்லாம் அலசும் ஹெர்ட்7 என்ற கருவிக்குக் கொடுங்கள். எந்த வரிசைகள் நடக்கலாம் என்று அதற்குச் சொல்லும் மாடல் 2018-இலிருந்து கெர்னல் சோர்ஸிலேயே, டூல்ஸ் டைரக்டரிக்குள் மெமரி-மாடல் என்ற பெயரில் இருக்கிறது. உதாரண டெஸ்டுகளும் கூடவே உண்டு. முதலில் மெசேஜ் பாஸிங் உதாரணத்தை (ஒருவர் டேட்டாவை எழுதி ஃப்ளாகை மாற்ற, இன்னொருவர் படிப்பது) எடுத்து, அதில் ஒரு பேரியரை நீக்கி ஓட்டிப் பாருங்கள்.