மெல்ல நகரும் இசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காலி மலோனின் 'ஆல் லைஃப் லாங்' தொகுப்பை நண்பர் ஒருவர் மிகவும் புகழ்ந்ததால் முழுவதையும் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆர்கன் ஒரே மாதிரி ஒலிக்கிறது. தாளம் இல்லை, மனத்தில் நிற்கும் மெட்டும் இல்லை, எதுவும் நடக்கவும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதுவும் நடக்கவில்லை என்று தோன்றிய பிறகும் 78 நிமிடங்களையும் கேட்டு முடித்திருக்கிறீர்கள், ஆகவே விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த இசையில் நடப்பவை பெரும்பாலும் சுருதிக்குள் நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் வெளிவந்த இத்தொகுப்புக்காக அமெரிக்க இசையமைப்பாளரான மலோன், லோசான், ஆம்ஸ்டர்டாம், மால்மோ ஆகிய ஐரோப்பிய நகரங்களில் உள்ள பைப் ஆர்கன்களை, அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கருவிகளை, வாசித்தார். இன்றைய பியானோவில் 12 சுரங்களும் சம இடைவெளியில் பகிரப்பட்டிருக்கும். இந்த ஆர்கன்களோ 'மீன்டோன்' எனப்படும் பழைய ஐரோப்பிய முறைப்படி சுருதி சேர்க்கப்பட்டவை. அந்த முறையில் ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு 5:4 என்ற தூய விகிதத்தை ஒட்டி அமைகிறது. அதற்காகப் பஞ்சமத்தைச் சற்றே குறைத்து வைக்கிறார்கள். நல்ல தம்புராவை மீட்டும்போது, எந்தத் தந்தியிலும் சேர்க்காத காந்தாரம் தானாக எழுந்து காதில் விழுகிறதல்லவா, அதுவும் இதே விகிதத்தைச் சேர்ந்ததுதான். பியானோவின் காந்தாரம் இதைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது ஓர் அரைச்சுர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு, கூடுதலாக நிற்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, தலைப்புப் படைப்பின் ஆர்கன் வடிவத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதன் அருகிலிருக்கும் சுரம் ஒரு படி இறங்குகிறது. இறங்கிய நொடியில் இரண்டும் உரசி, ஒலி மேலும் கீழுமாகத் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாவது சுரம் தன் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் துடிப்பு அடங்கி, மூன்றும் ஒன்றாகி நிற்கின்றன. அவசரமாக வாசித்தால் இந்த உரசலும் அடங்கலும் காதில் படுவதற்குள் கடந்துவிடும் என்பதால்தான் அவர் இவ்வளவு மெதுவாகச் செல்கிறார். இதே படைப்பு தொகுப்பில் குரல்களுக்கான வடிவத்திலும் வருகிறது. குழாயில் காற்று தரும் திண்மையை மனிதக் குரல் தர முடியாமல் சற்றே அசைவதைக் கேட்கும்போது, இரண்டு வடிவங்களையும் ஏன் சேர்த்தார் என்பது புரியும்.

குறையும் உண்டு. பித்தளைக் கருவிகளுக்கான பகுதிகள் எனக்கு நிறைவு தரவில்லை. ஊதுபவர் மூச்சு வாங்கியே ஆக வேண்டும் என்பதால் சுரங்கள் விட்டுவிட்டு வருகின்றன. ஆர்கனில் கிடைத்த அந்த நீண்ட உரசல் அங்கே உருவாகும் முன்பே அறுந்துவிடுகிறது. நான்கில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் இன்னும் வலுவான தொகுப்பாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: ஆம்பியன்ட் இசை என்பதே பின்னணியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதுதானே? அதைப் போய் உட்கார்ந்து கவனித்துக் கேட்டு விமர்சனம் எழுதுவது பொருத்தமா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பாதி சரி. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1917-இலேயே அறைகலன் போல இருக்கும் இசை என்ற எண்ணத்தை முன்வைத்தார். ஆனால் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பை வெளியிட்டபோது, இத்தகைய இசை கவனிக்காமல் விடத்தக்கதாகவும் அதே அளவுக்குக் கவனித்தால் சுவையளிப்பதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே வைத்தார். இரண்டாவது நிபந்தனையைப் பலரும் மறந்துவிட்டதால்தான் உங்களுக்கு இந்தக் கேள்வி எழுகிறது.

அந்தத் தொகுப்பில் குரல்களை மட்டும் கொண்ட '2/1' என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுரமும் ஒரு தனி ஒலிநாடா வளையத்தில் பதிந்திருக்கிறது. ஒரு வளையம் 23½ விநாடிக்கு ஒரு முறை திரும்பி வரும். அடுத்தது 26 விநாடிக்குச் சற்றுக் குறைவு. மற்றொன்று ஏறத்தாழ 30 விநாடி. நாடா அவ்வளவு நீளமாக இருந்ததால், ஜெர்மனியில் கோனி பிளாங்கின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அலுமினிய நாற்காலிகளின் கால்களைச் சுற்றி அதை ஓடவிட்டார்கள். இந்த நீளங்கள் எளிதில் ஒன்றோடொன்று வகுபடாதவை என்பதால், தொடக்கத்தில் இருந்த சேர்க்கை நாம் கேட்கும் நேரத்துக்குள் திரும்பி வருவதே இல்லை. ஒரு முறை மூன்று சுரங்கள் நெருங்கி வந்து ஒரு மெட்டின் சாயலைக் காட்டும். அடுத்த முறை நீண்ட இடைவெளி விழும். வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு இது அறையின் ஒரு தன்மையாக இருக்கும், கவனிப்பவருக்கோ அடுத்து எந்தச் சுரம் எதன் மீது விழும் என்ற எதிர்பார்ப்பு விடாமல் இருக்கும். இரண்டு வகைக் கேட்பவரையும் ஏமாற்றாத தொகுப்பு எது, ஒருவரை மட்டும் திருப்திப்படுத்துவது எது என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சனத்தின் வேலை.

கேள்வி: தூக்கத்துக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என்று செயலிகளில் வரும் பட்டியல்கள் எல்லாமே ஒன்றுபோலவே ஒலிக்கின்றனவே?
— வாசகர், சேலம்

பதில்: இசை வழங்கும் செயலிகளில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறும் என்பது பரவலான வழக்கம். எனவே முதல் 30 விநாடியில் யாரையும் உறுத்தாமல், யாரும் விரலால் தள்ளிவிடாமல் இருப்பதே அந்தப் பட்டியல்களுக்காகச் செய்பவர்களின் முதல் இலக்காகிவிடுகிறது. வெறும் மழைச் சத்தமும் வெள்ளை இரைச்சலும் கொண்ட பதிவுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி ஏற்றுவது பெருகியதால், அத்தகைய பதிவு குறைந்தது 2 நிமிடம் நீண்டால்தான் பணம் என்று ஸ்பாட்டிஃபை 2023 இறுதியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. தூக்கம் வராதவருக்கு மழைச் சத்தம் உதவினால் அதில் தவறே இல்லை. ஆனால் எதிரொலியைக் கூட்டி, கூர்மையான ஓரங்களை எல்லாம் மழுக்கி, எந்தக் கருவியிலிருந்து, எந்த அறையிலிருந்து ஒலி பிறந்தது என்ற தடயத்தையே அழித்துவிட்டு அதற்கு ஆம்பியன்ட் என்று பெயர் வைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல தொகுப்புகளில் அந்தத் தடயம் கட்டாயம் இருக்கும்.

கனடாவின் டிம் ஹெக்கர் 2023-இல் வெளியிட்ட 'நோ ஹைஸ்' இந்தப் போக்குக்கு நேரடியான எதிர்ப்பாகவே அமைந்தது. மோர்ஸ் தந்தி போல விட்டுவிட்டுத் துடிக்கும் ஒரே சுரம், அதன் அடியில் இளைப்பாற விடாத ஒரு நடுக்கம் என்று அது கேட்பவரைத் தூங்க விடாது. எதிர்ப்பு என்ற அளவில் மதிக்கிறேன். ஆனால் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத் தேவாலயம் ஒன்றின் ஆர்கனை வைத்து அவர் செய்த 2011-ஆம் ஆண்டின் 'ரேவ்டெத், 1972' தொகுப்பின் உயரத்தை இது தொடவில்லை. அங்கே கட்டடமே ஒலிக்கிறது.

கேள்வி: சாகமோட்டோவின் '12' தொகுப்பை, அவர் இறந்துவிட்டார் என்ற இரக்கத்தால்தான் எல்லாரும் பாராட்டுகிறார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நேர்மையான கேள்வி. ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூய்ச்சி சாகமோட்டோ தம் 71-ஆம் பிறந்த நாளான 2023 ஜனவரி 17 அன்று '12'-ஐ வெளியிட்டு, அதே ஆண்டு மார்ச் 28-இல் மறைந்தார். புற்றுநோய்க்கான பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 2021 மார்ச் முதல் ஏறத்தாழ ஓராண்டு, தோன்றியபோதெல்லாம் வாசித்துப் பதிவு செய்த 12 படைப்புகள் இதில் உள்ளன. தலைப்புகள் எல்லாம் வாசித்த தேதிகளே. இந்த விவரங்களை அறிந்த பிறகு இரக்கமின்றிக் கேட்பது யாருக்கும் இயலாது, அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தத் தொகுப்பின் தகுதி இரக்கத்தை நம்பி நிற்கவில்லை. பியானோப் பகுதிகளில் அவருடைய மூச்சு சுரங்களுக்கு இடையே தெளிவாகக் கேட்கிறது. ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாக நீக்கிவிடும் ஒலி அது. இங்கே அதை விட்டுவைத்ததால், ஒரு சுரம் தேய்ந்து முடியும் வரை அவர் காத்திருப்பதும், மூச்சை இழுத்த பிறகே அடுத்த விரல் இறங்குவதும் நமக்குத் தெரிகின்றன. அந்த மூச்சே தாளமாகிவிடுகிறது. தொடக்கத்திலுள்ள சின்தசைஸர் (மின்னணு ஒலிக்கருவி) பகுதி இந்த அளவுக்கு நெருக்கமாக இல்லை. 2017-இன் 'ஏசிங்க்' இதைவிட முழுமையான தொகுப்பு என்பதே என் மதிப்பீடு. 2011 சுனாமி நீரில் மூழ்கி மீட்கப்பட்ட பியானோவின் ஒலி அதில் இருக்கிறது. வெள்ளத்தில் தந்திகள் விலகிப் போன அந்தப் பியானோவை அவர் சரிசெய்ய முயலவில்லை, இயற்கை சேர்த்த சுருதி என்றே ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: கென்யாவைச் சேர்ந்த காமரு 2024-இல் வெளியிட்ட 'நாட்டூர்' தொகுப்பு வெறும் டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலாக இருக்கிறது. பாராட்ட என்ன இருக்கிறது?
— வாசகர், சென்னை

பதில்: நீங்கள் கேட்டது உண்மையிலேயே மின்சாரத்தின் ஒலிதான். சாதாரண மைக்குக்குப் பதிலாக மின்காந்த அலைகளைப் பிடித்து ஒலியாக்கும் கருவிகளைக் கொண்டு, கம்பிகளும் சாதனங்களும் நம் காதுக்கு எட்டாமல் உமிழ்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். நைரோபியில் வளர்ந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தவருக்கு இரண்டு நகரங்களின் இரவுகளும் வெவ்வேறாக ஒலித்ததிலிருந்து பிறந்த படைப்பு இது. முதல் பகுதியின் கடுமை எனக்கும் சிரமம்தான். ஆனால் இயற்கை ஒலிகள் உள்ளே வரத் தொடங்கியதும், எது பூச்சியின் ரீங்காரம், எது மின்சாரத்தின் ரீங்காரம் என்று பிரிக்க முடியாமல் போகிறது. அந்த இடம் வரும் வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், 2020-இல் வந்த அவருடைய 'பீல்' மென்மையானது, அதைக் கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பலரும் நினைப்பதைவிட முன்பே உண்டு. அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு, மூக் சின்தசைஸர் கொண்ட மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலானோர் அங்கே பணியாற்றினர். அந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற பெயரில் 2023-இல்தான் வெளிவந்தன. அவற்றில் சில வெறும் பயிற்சிகளே, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முன்மாதிரி ஏதுமின்றி ஒரு புதிய கருவியின் முன் உட்கார்ந்தவர்களின் துணிவு அவற்றில் இருக்கிறது.

இன்றைய கலைஞர்களில் அருஷி ஜெயினின் 'டிலைட்' (2024) குறிப்பிடத்தக்கது. பாகேஸ்ரீ ராகத்தை எடுத்துக்கொண்டு, தம் குரலையும் செல்லோ, சாக்ஸபோன் முதலியவற்றையும் சின்தசைஸரின் வழியாகச் செலுத்தி நெய்திருக்கிறார். ராகத்தின் சஞ்சாரம் முழுமையாக வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு சிறு பிடியை எடுத்து அதையே அடுக்கடுக்காகப் பெருக்குவதுதான் அவர் முறை. சில இடங்களில் அடுக்குகள் அதிகமாகிக் குரலின் கமகம் புதைந்துபோவது எனக்குக் குறையாகவே படுகிறது. தமிழகத்தில் வளர்ந்த கணவ்யாவின் தொகுப்புகளை மின்னணு இசை என்ற வகைக்குள் அடக்க முடியாது என்றாலும், 'நிலம்' (2025) தொகுப்பை நம் வாசகர்கள் தவறவிடக் கூடாது. மெல்ல நகரும் இசையில் தமிழ் உச்சரிப்பு எவ்வளவு இயல்பாக அமரும் என்பதற்கு அவர் குரலே சான்று.

கேள்வி: இவற்றைக் கேட்க விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: தேவையில்லை. ஆனால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். ஆர்கனின் 16 அடிக் குழாயின் கீழ்ச்சுரம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ்; அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே இயலாது. இசை நின்றுகொண்டிருக்கும் அடித்தளம் இல்லாமல் மேல்பகுதி மட்டும் கேட்டால் சலிப்புத் தோன்றுவது இயற்கை. காதை அடைத்து உட்காரும் சாதாரண இயர்ஃபோனே போதும். பிடித்த தொகுப்பை பேண்ட்கேம்ப் தளத்தில் விலை கொடுத்து வாங்கினால், கட்டணம் போக மீதியில் பெரும்பகுதி கலைஞரையோ அவருடைய வெளியீட்டாளரையோ சேரும். இத்துறையில் பலரும் அந்த வருமானத்தை நம்பித்தான் அடுத்த தொகுப்பைத் தொடங்குகிறார்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரே ஒரு தொகுப்பைச் சொல்ல வேண்டுமென்றால்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 'பிராமிசஸ்', 2021. மின்னணு இசைக்கலைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆகியோர் இணைந்தது. 46 நிமிடம், 9 பகுதிகள். ஒரு சிறு சுரக்கோவை பெரும்பகுதி நேரம் திரும்பத் திரும்ப வருகிறது; அதன் மீது 80 வயதை நெருங்கிய சாண்டர்ஸ் மிக மென்மையாக ஊதுகிறார். நான்காம் பகுதியில் அவர் சாக்ஸபோனை விலக்கிவிட்டு, சொற்களற்ற முணுமுணுப்பாக அதே இசையை வாயாலேயே தொடரும் இடத்தைக் கவனியுங்கள். ஆறாம் பகுதியில் வயலின்களும் செல்லோக்களும் எழுந்து வரும்போது மெதுவான இசை சலிப்பூட்டும் என்ற எண்ணம் உங்களை விட்டுப் போயிருக்கும். பகுதிகளை வரிசை மாற்றிக் கேட்டால் இந்த எழுச்சிக்குப் பொருளே இராது. ஆகவே செயலியில் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு, ஒரே அமர்வில் கேளுங்கள்.